சோதனையும் காலமும்: லினக்ஸ் கர்னலின் சோதனைத் தொகுதிகளை விரைவும் குவிவும் உடையனவாக்கல் பற்றிய சில குறிப்புகள்

I

இலக்கிய மாணவன் ஒருவன் கணினியின் உட்கூறுகளைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், ஒரு காலகட்டத்தின் உழைப்பு முறையினை விளங்கிக்கொள்ள விழைவோர் அக்காலகட்டத்தின் கருவிகளைப் புறக்கணித்தல் இயலாது. அச்சியந்திரத்தின் வருகையை நோக்காது உரைநடையின் வளர்ச்சியை விளக்க முடியாதென்பதை நாம் ஏற்றுக்கொண்டுள்ளோம். இன்றைய உற்பத்தி, போக்குவரத்து, வங்கி, வைத்தியசாலை, பல்கலைக்கழகம் ஆகிய யாவும் மென்பொருள் எனப்படும் ஒருவகை எழுத்தின்மீது தங்கியுள்ளன. அவ்வெழுத்து எவ்வாறு ஆக்கப்படுகின்றது, அதன் பிழைகள் எவ்வாறு களையப்படுகின்றன, அப்பிழை களையும் உழைப்பினை யார் ஆற்றுகின்றனர் என்னும் வினாக்கள் பொறியியலாளருக்கு மாத்திரம் உரியன அல்ல.

கணினியின் வன்பொருளுக்கும் அதனைப் பயன்படுத்துவோரின் நிரல்களுக்கும் இடையே நின்று நினைவகத்தையும் செயலியின் நேரத்தையும் கோப்புகளையும் வலையமைப்பையும் பங்கிட்டு நிருவகிப்பது பணிசெயல் முறைமையாகும். தமிழகத்தார் இதனை இயக்க முறைமை என்பர். இம்முறைமையின் நடுப்பகுதியே கர்னல். நிரலொன்று கோப்பொன்றைத் திறக்க விரும்பினாலும், நினைவகத்தில் இடம் கோரினாலும், கர்னலிடமே விண்ணப்பிக்க வேண்டும். எனவே, கர்னலில் ஏற்படும் வழு, அதன்மீது தங்கியுள்ள அனைத்தின் வழுவாக மாறுகின்றது.

ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது லினக்ஸ் கர்னலை. 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்நிரல், இன்று 3 கோடி வரிகளுக்கு மேற்பட்டதொரு கூட்டுப் படைப்பாக வளர்ந்துள்ளது. அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகள் இதன்மீதே இயங்குகின்றன. 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் உலகின் அதிவேகக் கணினிகள் 500இன் பட்டியலில் இடம்பெறுவன அனைத்தும் இதனையே பயன்படுத்துகின்றன. இத்துணைப் பரந்த பயன்பாடுடைய பனுவலொன்றினை எவ்வாறு சோதிப்பது? சோதனைகள் பல்கிப் பெருகி, அவற்றை இயக்கி முடிக்கவே நாட்கள் எடுக்கும் நிலை தோன்றும்பொழுது என் செய்வது? விரைவு என்பதும் குவிவு என்பதும் வெறும் வசதிகளா, அன்றி சோதனையின் இயல்பையே நிர்ணயிப்பனவா? இவ்வினாக்களை நோக்குவதே இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

II

முதற்கண் இந்நிரல் ஆக்கப்படும் சூழ்நிலையை நோக்குவோம். ஏறத்தாழ 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை லினக்ஸ் கர்னலின் புதிய பதிப்பு வெளிவருகின்றது. ஒவ்வொரு பதிப்பிலும் 10,000க்கு மேற்பட்ட மாற்றங்கள் இடம்பெறுவது வழமை. முதலிரு வாரங்களுள் புதிய பகுதிகள் சேர்க்கப்படும். எஞ்சிய வாரங்கள் வழுக்களைக் களைவதற்கானவை. இதற்குப் புறம்பாக, முன்னர் வெளியிடப்பட்ட பதிப்புகளுக்கான திருத்தங்களும் இடையறாது வெளிவருகின்றன. அத்தகைய திருத்தத் தொகுப்பொன்று முன்வைக்கப்படும்பொழுது, அதனைச் சோதித்துக் கருத்துரைப்பதற்கு வழமையாக அளிக்கப்படும் அவகாசம் ஏறத்தாழ 48 மணித்தியாலங்களே.

இவ்விடத்தில் ஓர் எளிய உண்மை துலாம்பரமாகின்றது. மூன்று நாட்கள் ஓடும் சோதனைத் தொகுதி, 48 மணித்தியால அவகாசத்தினுள் எதனையும் சொல்ல மாட்டாது. அது எத்துணை நுட்பமாக எழுதப்பட்டிருப்பினும், தீர்மானம் எடுக்கப்படும் வேளையில் ஊமையாகவே இருக்கும். எனவே, சோதனையின் விரைவு அதன் புற அணிகலன் அன்று. அது பேசுமா பேசாதா என்பதனையே நிர்ணயிக்கும் காரணி ஆகும்.

இதனை இன்னொரு வகையாகவும் விளக்கலாம். பழைய பதிப்பிற் செவ்வனே இயங்கிய ஒன்று புதிய பதிப்பிற் பழுதடைந்துள்ளது எனக் கொள்வோம். இடையிலுள்ள 10,000 மாற்றங்களுள் எது குற்றவாளி? கர்னலின் மூலநிரலைப் பேணும் கிட் என்னும் கருவியில் இதற்கென ஒரு முறையுண்டு. மாற்றங்களின் வரிசையை நடுவிற் பிரித்து, நடுவிலுள்ள பதிப்பைச் சோதித்து, வழு முற்பாதியில் உள்ளதா பிற்பாதியில் உள்ளதா என அறிந்து, அப்பாதியை மீண்டும் பிரித்துச் செல்வதே அம்முறை. இவ்வாறு செல்லின் 10,000 மாற்றங்களுள் ஒன்றைக் கண்டறிய 14 படிகள் போதும். ஆனால், ஒவ்வொரு படியிலும் சோதனை ஓட 8 மணித்தியாலம் எடுப்பின், மொத்தம் 112 மணித்தியாலம், அதாவது 4 நாளும் 16 மணித்தியாலமும் ஆகும். அதே வழுவை 2 நிமிடத்தில் வெளிக்காட்டும் சோதனையொன்று கையிலிருப்பின், சோதனைக்கான நேரம் மொத்தம் 28 நிமிடங்களே.

நம்பகமின்மை இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகின்றது. வழுவுள்ள பதிப்பிலே சோதனையொன்று இருமுறைக்கு ஒருமுறைதான் தோல்வியைக் காட்டுமெனின், 14 படிகளில் 7 படிகள் வழுவுள்ள பதிப்புகளில் அமைவதாகக் கொண்டால், அவ்வேழிலும் சரியான விடை கிடைக்கும் வாய்ப்பு 128இல் 1 மாத்திரமே. எஞ்சிய வேளைகளிலெல்லாம் தேடல் நிரபராதியான மாற்றமொன்றைச் சுட்டி நிற்கும். ஆகவே, விரைவு, குவிவு, நம்பகம் ஆகிய மூன்றும் தனித்தனிப் பண்புகள் அல்ல. ஒன்றையொன்று நிர்ணயிப்பன என்பது மனங்கொள்ளத்தக்கது.

III

சோதனையின் நேரம் எங்கே செலவாகின்றது? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு, எதிர்பாராதவிதமாக, அரசியற் பொருளாதாரத்தின் ஒரு கருத்தாக்கம் நமக்குத் துணைசெய்கின்றது. மார்க்சின் மறைவின் பின்னர் எங்கெல்ஸ் 1885இற் பதிப்பித்து வெளியிட்ட மூலதனத்தின் இரண்டாம் பாகத்தில், உழைப்புக் காலம் வேறு, உற்பத்திக் காலம் வேறு என்னும் பாகுபாடு விளக்கப்படுகின்றது. திராட்சை இரசம் நொதிக்கும்பொழுதும், விதைத்த தானியம் மண்ணிற் கிடக்கும்பொழுதும் உற்பத்தி நிகழ்கின்றது. ஆனால் உழைப்பு நிகழவில்லை. இவ்விடைவெளிகளுட் சில இயற்கையின் நியதியால் விளைவன. சில உற்பத்தியின் ஒழுங்கீனத்தால் விளைவன.

கர்னற் சோதனையொன்றின் ஓட்டத்தையும் இவ்வாறே பகுத்து நோக்கலாம். கர்னலை உண்மையிற் பரிசோதிக்கும் கணங்கள் ஒரு வகை. அதற்கான ஆயத்தங்கள் இன்னொரு வகை. ஒன்றும் நிகழாது வெறுமனே காத்திருக்கும் நேரம் மூன்றாம் வகை. நீண்ட சோதனைகள் பலவற்றை நுணுகி நோக்கின், முதல் வகை மிகச் சிறியதாகவும் ஏனைய இரண்டும் மிகப் பெரியனவாகவும் அமைந்திருத்தலைக் காணலாம்.

காத்திருத்தலை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு நிரல் தன் குழந்தை நிரலைத் தோற்றுவித்து, அது உறக்கநிலையை அடைந்த பின் அதற்கொரு சமிக்ஞை அனுப்பவேண்டும் எனக் கொள்வோம். குழந்தை நிரல் உறங்கிவிட்டதா என அறிய முயலாது, எதற்கும் இருக்கட்டுமென 2 செக்கன்கள் காத்திருக்குமாறு எழுதிவிடுவது பலரது வழக்கம். உண்மையில் அந்நிலை ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கினுள் எய்தப்பட்டிருக்கும். இத்தகைய சோதனைகள் 900 இருப்பின், 1,800 செக்கன்கள், அதாவது அரை மணித்தியாலம், வீணாகக் கழிகின்றது. அதுமட்டுமன்று, வேலைப்பளு மிகுந்த இயந்திரமொன்றிலே 2 செக்கனும் போதாமற் போகலாம். அப்பொழுது கர்னலில் வழு இல்லாதபோதும் சோதனை தோல்வியுறும். எனவே, இக்காத்திருத்தல் மந்தத்தையும் பொய்யுரையையும் ஒருங்கே விளைவிக்கின்றது.

2000ஆம் ஆண்டளவில் எஸ்.ஜி.ஐ. நிறுவனத்தார் தொடங்கி, பின்னர் ஐ.பி.எம்., பியூஜிட்சு, ரெட் ஹட், சூசே முதலிய பல நிறுவனங்களின் பங்களிப்புடன் வளர்ந்த லினக்ஸ் சோதனைத் திட்டம் இதற்குக் கண்ட பரிகாரம் எளிமையானது. காலத்தைக் கணிப்பதை விடுத்து நிலையைக் கேட்டறிதலே அது. குழந்தை நிரல் உறங்கிவிட்டதா என்பதைக் கர்னலே அறிவிக்கும். அதனைப் படித்தறிந்து தொடரலாம். அல்லது, தாய் நிரலும் குழந்தை நிரலும் சந்திக்கும் தரிப்பிடமொன்றை அமைத்து, ஒன்று வந்து சேர்ந்ததும் மற்றதை எழுப்பலாம். ஊகத்தின் இடத்தை அறிவு கைப்பற்றும்பொழுது நேரமும் மிச்சமாகின்றது; உண்மையும் உறுதியாகின்றது.

அடுத்தது ஆயத்தம். சோதிக்கவேண்டிய கர்னலை மூலநிரலிலிருந்து கட்டியெழுப்பி, இயந்திரமொன்றில் நிறுவி, அதனை மீளத் தொடக்குவதற்கே பெருநேரம் செல்லும். இதனைக் குறைக்கப் பல வழிகள் தோன்றியுள்ளன. கர்னலையே சாதாரண நிரலொன்றாக இன்னொரு கர்னலின்மேல் இயக்கும் யூசர் மோட் லினக்ஸ் என்னும் முறை அவற்றுள் ஒன்று. மெய்நிகர் இயந்திரத்தினுள் புதிய கர்னலைத் தொடக்கி, தனியான வட்டுப் படிமமொன்றை ஆயத்தம் செய்யாது, ஏற்கெனவே அவ்வியந்திரத்திலுள்ள கோப்புகளையே பயன்படுத்தும் விர்ட்மீ-என்ஜி போன்ற கருவிகள் இன்னொன்று. இவற்றாற் கர்னலைத் தொடக்கும் நேரம் செக்கன் கணக்கிற்குக் குறைந்துவிட்டது.

மூன்றாவது, காரணமற்ற மீள்செய்கை. கோப்பு முறைமைகள் பல உள. சோதனையொன்றை அவை ஒவ்வொன்றின்மீதும் இயக்குமாறு அமைப்பது எளிது. ஆனால், தவறான அளபுரு ஒன்று தரப்பட்டால் கர்னல் அதனை மறுக்கின்றதா என்று மட்டும் பார்க்கும் சோதனையில், அம்மறுப்பு கோப்பு முறைமையின் நிரலை எட்டுவதற்கு முன்னரே நிகழ்ந்துவிடுமாயின், ஆறு முறைமைகளில் ஆறு தடவை இயக்குவதன் பயன் யாது? ஒரே வாக்கியத்தை ஆறுமுறை படித்தல் ஆறு வாக்கியங்களைப் படித்ததாகாது. மாறாக, ஒவ்வொரு முறைமையும் தனக்கேயுரிய வழியிற் செய்யும் பணியொன்றைச் சோதிக்குமிடத்து, அந்த ஆறும் இன்றியமையாதனவாகும்.

நான்காவது, ஒன்றன்பின் ஒன்றாக இயக்குதல். பல செயலிகளையுடைய இயந்திரத்தில் ஒரு சோதனை மட்டும் ஓடிக்கொண்டிருப்பது வளத்தை விரயமாக்குவதாகும். ஆயின், இணையாக இயக்கல் சொல்வதற்கு எளிதெனினும் செய்தற்கு அரிது. கோப்பு முறைமைகளைச் சோதிக்கும் எப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுதியை 2024இல் இவ்வாறு இயக்க முற்பட்டபொழுது, பல சோதனைகள் தாம் மட்டுமே இயந்திரத்தில் ஓடுவதாகக் கருதி எழுதப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. பெயரை மாத்திரம் கொண்டு நிரல்களை நிறுத்தும் கட்டளை, அயலிலுள்ள சோதனையின் நிரல்களையும் நிறுத்திவிடும். எனவே, ஒவ்வொரு சோதனையும் தான் தொடக்கியவற்றை மட்டுமே தான் நிறுத்துமாறு திருத்தப்பட வேண்டியிருந்தது. கூட்டாக வாழ்வதற்கான ஒழுக்கம் தனித்து வாழும்பொழுது தேவைப்படுவதில்லை.

IV

விரைவிலிருந்து குவிவுக்கு வருவோம். சோதனை எதனை நோக்குகின்றது, எந்த மட்டத்தில் நின்று நோக்குகின்றது என்பதே குவிவாகும்.

எக்ஸ்ட்-4 என்னும் கோப்பு முறைமையிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். கோப்பொன்று மாற்றப்பட்ட நேரத்தை 32 பிட்களிற் பதிவுசெய்யின், அக்கணக்கு 2038ஆம் ஆண்டு ஜனவரி 19ஆந் திகதியுடன் முடிந்துவிடும். எனவே, எக்ஸ்ட்-4 மேலும் 2 பிட்களைச் சேர்த்து, 1901ஆம் ஆண்டு முதல் 2446ஆம் ஆண்டு வரையுள்ள நேரங்களைக் குறிக்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. இக்கணிப்புச் சரியா என எவ்வாறு அறிவது? வட்டொன்றை ஆயத்தம் செய்து, முறைமையை நிறுவி, இயந்திரத்தின் கடிகாரத்தை மாற்றி, கோப்புகளை எழுதி, மீளப் படித்துப் பார்க்கலாம். தோல்வி நேரின், அது கணிப்பின் பிழையா, வட்டின் பிழையா, கடிகாரத்தின் பிழையா என மீண்டும் ஆராய வேண்டும். மாறாக, பிட்களை நேரமாக மாற்றும் அச்சிறு செயற்பாட்டை மாத்திரம் தனியே அழைத்து, எல்லைகளிலுள்ள பெறுமானங்களைக் கொடுத்து, விடைகளை ஒப்புநோக்கலாம்.

2020ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த 5.5ஆம் பதிப்பில் லினக்ஸ் கர்னலுடன் இணைக்கப்பட்ட கேயூனிட் என்னும் சட்டகம் இப்பின்னைய வழியைத் திறந்துவிட்டது. மேற்கூறிய எக்ஸ்ட்-4 சோதனை அதன் தொடக்ககாலச் சோதனைகளுள் ஒன்றாகும். கேயூனிட் சோதனைகளிற் பெரும்பாலானவற்றுக்குத் தனிப்பட்ட வன்பொருள் தேவையில்லை. சாதாரண மடிக்கணினியில் யூசர் மோட் லினக்ஸின் துணையுடன் அவற்றை இயக்கலாம். குறித்த பிரிவுக்கு வேண்டிய பகுதிகளை மாத்திரம் கொண்ட சிறு கர்னலைக் கட்டுவதற்கான குறிப்புக் கோப்பும் அப்பிரிவின் மூலநிரலுடனேயே வைக்கப்படலாம். மாற்றம் எங்கே நிகழ்ந்ததோ அங்கேயே அதற்கான சோதனையும் அமைகின்றது.

ஆயின், கர்னலின் வழுக்கள் அனைத்தும் இவ்வாறு தனிமைப்படுத்தக்கூடியன அல்ல. ஒரே வேளையில் இயங்கும் இரு இழைகள் ஒரே பொருளைத் தொடும்பொழுது, அவற்றின் முறை சற்றே மாறினால் மட்டும் தோன்றும் வழுக்கள் உள. இவற்றைப் போட்டி வழுக்கள் எனலாம். 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் திருத்தப்பட்ட, டேர்ட்டி கவ் எனப் பெயர்பெற்ற வழு இவ்வகையினது. படிப்பதற்கு மட்டும் உரிமையுள்ள கோப்பொன்றினைச் சாதாரண பயனர் ஒருவர் மாற்றியெழுதவும், அதன்வழி இயந்திரம் முழுவதையும் தன் ஆட்சிக்குட் கொண்டுவரவும் அது இடமளித்தது. 2007இல் வெளிவந்த 2.6.22 முதலான பதிப்புகளில் அது இருந்துவந்தது. இதன் வரலாறு ஆழ்ந்து நோக்கத்தக்கது. இதன் அடிப்படைச் சிக்கலை 2005இலேயே டோர்வால்ட்ஸ் திருத்த முயன்றிருந்தார். வேறொரு செயலிக் கட்டமைப்பில் எழுந்த இடர்ப்பாட்டால் அத்திருத்தம் கைவிடப்பட்டது. அன்று ஏட்டளவிலான சாத்தியமாகக் கருதப்பட்டதனை, நினைவக முகாமைப் பகுதி பல செயலிகளுக்கு ஏற்ப வளர்ச்சியுற்றமை நடைமுறைச் சாத்தியமாக மாற்றிவிட்டது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி பழைய முரண்பாடொன்றினை மேற்பரப்பிற்குக் கொணர்ந்தமைக்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது.

இத்தகைய வழுவை எவ்வாறு சோதிப்பது? இரு இழைகளையும் இலட்சக்கணக்கான தடவைகள் ஓடவிட்டு, தற்செயலாக அவை மோதுமா எனப் பார்த்திருப்பது ஒரு வழி. மணிக்கணக்காக ஓடியும் அது மோதாமலிருக்கலாம். லினக்ஸ் சோதனைத் திட்டத்தில் இதற்கென அமைக்கப்பட்ட நூலகமொன்று வேறு வழியை மேற்கொள்கின்றது. முதலில் இரு இழைகளும் தத்தம் பகுதியைச் செய்து முடிக்க எடுக்கும் நேரத்தைப் பலமுறை அளந்து சராசரியையும் விலகலையும் கணிக்கின்றது. பின்னர், அவ்விரு பகுதிகளும் ஒன்றன்மீதொன்று படியும் எல்லைக்குள் அடங்குமாறு எழுமாறான சிறு தாமதங்களை ஓர் இழைக்கு ஊட்டுகின்றது. இதனால், மோதக்கூடிய கணத்தைச் சுற்றியே முயற்சி முழுவதும் குவிகின்றது. இங்கு எழுமாறு முற்றாக ஒழிக்கப்படவில்லை, அறிவினால் எல்லைப்படுத்தப்பட்டுள்ளது.

இதே நெறியை இன்னும் பரந்த தளத்திற் கையாள்வது கூகிள் நிறுவனத்தில் உருவான சிஸ்கோலர் என்னும் கருவி. முறைமை அழைப்புகளை எழுமாறாகக் கோத்து அது கர்னலுக்கு அனுப்புகின்றது. ஆனால் குருட்டுத்தனமாக அன்று. 2016இல் 4.6ஆம் பதிப்புடன் வந்த கேகொவ் என்னும் வசதியினால், ஒவ்வொரு கோவையும் கர்னல் நிரலின் எப்பகுதிகளைத் தொட்டது என்பதை அது அறிகின்றது. புதிய பகுதியைத் தொட்ட கோவைகளைப் பேணி, அவற்றினின்று அடுத்தவற்றை ஆக்குகின்றது. வழுவொன்று வெளிப்பட்டதும், அதனை மீளக் காட்டுவதற்குப் போதுமான மிகச் சிறிய கோவையைத் தேடிச் சுருக்குகின்றது. இவ்வாறு சுருக்கப்பட்ட சிறு நிரல், திருத்துவோரின் கையில் நீண்ட முறைப்பாட்டினும் பன்மடங்கு பயன்தரும். ஆயிரக்கணக்கான கர்னல் வழுக்கள் இவ்வழியில் அறிவிக்கப்பட்டுள்ளன.

V

இவ்விடத்தில் நியாயமான ஓர் ஆட்சேபம் எழக்கூடும். விரைவு என்னும் கோஷம் முதலாளித்துவ உற்பத்தியின் பழைய கோஷமன்றோ? வேலைநாளை நீட்ட இயலாதவிடத்து உழைப்பைச் செறிவாக்கும் போக்கினை மார்க்ஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். சோதனைகளைக் குறைக்குமாறு கோருவது, அவசரமாகப் பண்டத்தைச் சந்தைக்குக் கொணர விரும்பும் நிறுவனத்தின் கோரிக்கையே அன்றோ?

இவ்வாட்சேபத்தை இலகுவிற் புறந்தள்ளல் ஆகாது. நோக்கும் நேரத்தைக் குறைத்து, அதற்கு விரைவு எனப் பெயரிடும் போக்கு உண்மையிலேயே உண்டு. தோல்வியுறும் சோதனையை நீக்கிவிட்டால் தொகுதி விரைவாக ஓடும்; அதனுடன் பசுமையாகவும் தோன்றும். ஆனால் கர்னல் நலமடைந்துவிடாது. எனவே, நாம் முன்னர் கூறிய பாகுபாடு இங்கு இன்றியமையாததாகின்றது. குறைக்கப்பட வேண்டியது காத்திருக்கும் நேரமேயன்றி நோக்கும் நேரம் அன்று.

சில மந்தங்கள் நோக்குதலின் விலையாகும். 2015இல் 4.0ஆம் பதிப்புடன் வந்த காசான் என்னும் வசதி, நினைவகம் தொடப்படும் ஒவ்வொரு வேளையிலும் அது முறையாகத் தொடப்படுகின்றதா எனச் சரிபார்க்கின்றது. இதனால் கர்னல் மந்தமடைகின்றது. ஆயின், அது இல்லாதவிடத்துச் சோதனை வென்றதாகத் தோன்றி, வழு மௌனமாகத் தங்கிவிடும். அவ்வாறே, மெல்லக் கசியும் நினைவகம் நீண்ட ஓட்டத்திலேயே வெளிப்படும். இவை திராட்சை இரசத்தின் நொதிப்பைப் போன்றவை, அவசரப்படுத்த இயலாதவை. இவற்றையும், ஊகத்தால் எழுதப்பட்ட 2 செக்கன் உறக்கத்தையும் ஒரே தராசில் நிறுப்பது தவறு.

எனவே, எல்லாச் சோதனைகளையும் எல்லா வேளைகளிலும் இயக்குவதென்பதும், சிலவற்றை நிரந்தரமாக நீக்குவதென்பதும் பொருந்தாத இரு அந்தங்கள். தகுந்த வழி படிநிலைப்படுத்தலே. எப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுதியில், 30 செக்கன்களுக்குள் முடியக்கூடியவை எனக் கருதப்படும் சோதனைகள் விரைவுக் குழு எனப் பிரிக்கப்பட்டுள்ளன. நீண்டகாலம் ஊறவிடும் சோதனைகள் வேறு குழுவிலுள்ளன. அவற்றின் கால அளவினை இயக்குவோரே நிர்ணயிக்கலாம். கர்னலுடன் கூடவே வரும் கேசெல்ஃப்டெஸ்ட் தொகுதியின் வழிகாட்டலிலும், சோதனை அதிக நேரம் எடுக்கலாகாது என்பது பங்களிப்போர்க்கான விதிகளுள் ஒன்று. அத்தொகுதியில் வேண்டிய பிரிவுகளை மாத்திரம் தெரிவுசெய்து இயக்கவும் முடியும். கேயூனிட் சட்டகத்தில் 2023ஆம் ஆண்டளவில் சோதனைகளை மந்தமானவை எனக் குறிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. அவ்வாறு குறிக்கப்படாத சோதனை ஒரு செக்கனுக்கு மேற்படின், சட்டகம் தானே எச்சரிக்கும். இங்கு மந்தம் தடைசெய்யப்படவில்லை. அறிவிக்கப்பட வேண்டும் என்றே கோரப்படுகின்றது. அறிவிக்கப்பட்ட மந்தம் திட்டமிடலுக்கு உட்படும். மறைந்த மந்தம் உட்படாது.

இவ்வகையில் மூன்று படிகளை வகுத்துக் கூறலாம். திருத்தமொன்றை எழுதியவர் அதனை அனுப்புமுன் சில நிமிடங்களில் இயக்கக்கூடிய குவிந்த சோதனைகள் முதற்படி. சேர்க்கப்பட்ட மாற்றங்கள்மீது இரவுதோறும் ஓடும் பரந்த சோதனைகள் இரண்டாம் படி. வெளியீட்டிற்கு முன்னர் நாட்கணக்கில் ஓடும் சோதனைகள் மூன்றாம் படி. மேற்படியிற் கண்டறியப்பட்ட வழு ஒவ்வொன்றும், சுருக்கப்பட்டு முதற்படிக்குரிய சோதனையாக மாற்றப்படல் வேண்டும். அவ்வாறாயின், ஒருமுறை நாட்கணக்கிற் பட்ட பாடு, அடுத்தமுறை செக்கன்களில் நினைவுகூரப்படும்.

VI

இறுதியாக, இவ்விடயத்தின் சமூக அடிப்படையைச் சுட்டாது விடல் பொருந்தாது. லினக்ஸ் கர்னல் எவரும் பெற்று மாற்றக்கூடிய பொதுவுடைமையான பனுவல். ஆயின், அதற்குப் பங்களிப்போருட் பெரும்பாலானோர் நிறுவனங்களில் ஊதியம் பெறுவோர். நிரலை அனைவரும் படிக்கலாம். ஆனால் அதனைச் சோதிக்கும் இயந்திரக் களஞ்சியங்கள் அனைவரிடத்தும் இல்லை. நூற்றுக்கணக்கான இயந்திரங்களை இராப்பகலாக இயக்கக்கூடிய நிறுவனத்திற்கு, பத்து மணித்தியாலம் ஓடும் சோதனைத் தொகுதி ஒரு செலவினம் மாத்திரமே. பழைய மடிக்கணினி ஒன்றையே உடைய மாணவருக்கு அது ஒரு மதில். பனுவல் பொதுவாயிருந்தும், அதனை மெய்ப்பிக்கும் சாதனங்கள் தனியாரிடத்துக் குவிந்திருக்குமாயின், பங்குபற்றும் உரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

இம்முரண்பாட்டைத் தணிக்கச் சில முயற்சிகள் உள. முன்வைக்கப்படும் திருத்தங்களைத் தானே எடுத்துச் சோதித்து, பழுதினை எழுதியவருக்கே அறிவிக்கும் சேவையொன்றை இன்டெல் நிறுவனம் நடத்துகின்றது. 2019இல் லினக்ஸ் நிறுவகத்தின் திட்டமாக ஏற்கப்பட்ட கர்னல்-சி.ஐ., வெவ்வேறு இடங்களிலுள்ள ஆய்கூடங்களின் வன்பொருள்களை ஒருங்கிணைக்கின்றது. இவை வரவேற்கத்தக்கன. எனினும், ஒருவர் தன் மேசையிலிருந்தே தன் திருத்தத்தைச் சில நிமிடங்களிற் சோதித்து, தன் காலில் நின்று வாதிடும் ஆற்றலுக்கு இவை ஈடாகா. அவ்வாற்றலை வழங்குவன விரைவும் குவிவும் உடைய சோதனைகளே.

பழைய சோதனை ஒவ்வொன்றும், ஒரு காலத்தில் யாரோ ஒருவர் பட்ட இடரின் நினைவாகும்; திரண்டு உறைந்த உழைப்பாகும். அந்நினைவுகளைத் தேர்ந்து ஒழுங்குபடுத்தாது குவித்துவைப்பின், இறந்தகால உழைப்பு நிகழ்கால உழைப்பின்மீது சுமையாக அமர்ந்துவிடும். இயக்கப்படாத சோதனை மறக்கப்பட்ட சோதனையே. காத்திருப்பை அகற்றி, நோக்குதலைக் கூர்மையாக்கி, ஒவ்வொன்றையும் அதற்குரிய படியில் நிறுத்தின், அதே உழைப்பு உயிருள்ளோரின் கருவியாகும். மிச்சமாகும் நேரம் யாருக்கு உரியது என்னும் வினா இதன் பின்னரும் எஞ்சி நிற்கும். அது மேலும் அதிகமான திருத்தங்களை அதே ஆட்களிடமிருந்து பிழிந்தெடுக்கப் பயன்படுமா, அல்லது இதுவரை வாயிலுக்கு வெளியே நின்றோரை உள்ளே அழைக்கப் பயன்படுமா என்பதைக் கருவிகள் தாமே தீர்மானிக்க மாட்டா. அவற்றைக் கையாளும் மனிதரின் கூட்டு முடிவே தீர்மானிக்கும்.